மார்கழி முழுதும் அம்மா வீட்டில்: சென்னிமலைப் பக்கத்து நாட்குறிப்பு

மார்கழி 1

சென்னையில் இரவு ஏற்காடு விரைவு வண்டியில் ஏறிய நாங்கள், பொழுது நன்றாக விடியும் முன்பே ஈரோட்டில் இறங்கினோம். நான்கு வயது மகளுக்குத் தூக்கம் கலையவில்லை. ஆறு மாதத்து மகன் நிலையத்து விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி விழித்திருந்தான். மகப்பேறு விடுப்போடு சேர்த்து எடுத்த விடுப்பில் எனக்கு எஞ்சியிருப்பது இந்த ஒரு மாதம்தான். தை பிறந்ததும் வங்கிக்குத் திரும்ப வேண்டும். ஆகவே, இந்த மார்கழியைச் சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் இடையில் இருக்கும் அம்மா வீட்டிலேயே பிள்ளைகளோடு முழுதாகக் கழிப்பது என்று ஆவணியிலேயே முடிவு செய்திருந்தேன். பெரிய ஊர்சுற்றல் எதுவும் இதில் இராது. சின்னவன் அடுத்த முறை பசித்து அழுவதற்குள் வீடு திரும்பக்கூடிய தொலைவுக்குள் மட்டுமே போவதாக எண்ணம். அந்த வட்டத்துக்குள் பார்ப்பதையும் உண்பதையும் அன்றன்றைக்கே எழுதிவைக்கப் போகிறேன்.

வெள்ளோடு வழியாக வரும்போது கீழ்பவானி வாய்க்காலைக் கடந்தோம். 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையில் புறப்பட்டு 200 கிலோமீட்டர் ஓடும் இந்த வாய்க்காலுக்கு 2,07,000 ஏக்கர் பாசனம் உண்டு. ஆனால் அத்தனை நிலத்துக்கும் ஒரே சமயத்தில் நீர் விடுவதில்லை. பாதிக்கு ஆவணியில் நெல்லுக்கும், மறு பாதிக்குத் தையில் புன்செய்ப் பயிருக்கும் என்று முறை வைத்துத் திறக்கிறார்கள். அதனால் இப்போது சில வயல்களில் நெல் தலைசாய்ந்து அறுப்புக்கு நிற்க, அடுத்த வயல் தன் முறைக்காகக் காத்துக் கிடக்கிறது. வாய்க்கால் எட்டாத மேட்டுக் காடுகளில் மானாவாரிச் சோளம் கதிர் பிடித்திருக்கிறது. வண்டியின் கண்ணாடியை இறக்கியபோது உள்ளே வந்த ஈரக் காற்றில் சோளத்தட்டின் வாசனை இருந்தது. அதை முகர்ந்த பிறகுதான் ஊருக்கு வந்துவிட்டோம் என்று எனக்கு உறைத்தது.

மார்கழி 2

அதிகாலையில் இங்கே வெப்பம் 18 பாகை அளவுக்கு இறங்குகிறது. சென்னையில் வளரும் பிள்ளைக்கு அது போர்வையை விட்டு வர மனமில்லாத குளிர். ஆனாலும், "சாமி, வாசல் தொளிக்கப் போலாம், எந்திரிச்சு வா கண்ணு," என்று அம்மா ஒரு முறை கூப்பிட்டதும் மகள் எழுந்து போய்விட்டாள். சாணம் கரைத்த நீரைத் தெளித்து, கூட்டி, கோலம் போட்டு, சாணிப் பிள்ளையாரைப் பிடித்து வைத்து, அதன் தலையில் பூசணிப்பூவைச் செருகும் வேலை அவளுக்குக் கிடைத்தது. வைத்த பிள்ளையார்களை மறுநாள் எடுத்துச் சுவரோரம் காயவைத்து, மாதம் முழுவதும் சேர்த்து, பொங்கல் முடிந்து பூப்பறிக்கும் நோம்பி என்னும் பண்டிகையன்று நீரில் கரைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். "நாளைக்கும் நான்தான் வெப்பேன்," என்று அப்போதே சொல்லிவைத்துவிட்டாள்.

வெயில் பொடக்காளிக்குள், அதாவது வீட்டுக் குளியலிடத்துக்குள், விழும் வரை சின்னவனுக்குக் குளியல் கிடையாது என்பது அம்மாவின் கட்டளை. கால்களை நீட்டி உட்கார்ந்து, அவனைத் தொடைமேல் குப்புறக் கிடத்தி, தேங்காயெண்ணெயைச் சூடாக்கி முதுகிலிருந்து குதிகால் வரை நீவி, பயற்றமாவு தேய்த்து, விறகடுப்பில் காய்ந்த நீரை விளாவி ஊற்றுவார். சாம்பிராணிப் புகையைப் பிள்ளையின் முகத்துக்குக் காட்டாமல், கூடையைக் கவிழ்த்து அதன்மேல் விரித்த துணிகளில் மட்டும் ஏற்றுவார். வாசம் ஏறிய அந்தத் துணியைச் சுற்றித் தூளியில் போட்டால் மூன்று மணி நேரம் தூங்குகிறான். அந்த மூன்று மணி நேரமும் எனக்கே எனக்கு. தாழ்வாரத்துத் தூணில் சாய்ந்து, கருப்பட்டிக் காப்பியைக் கடைசி மடக்கு வரை சூடாகக் குடித்து முடித்தேன். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மாருக்கு அது எத்தனை பெரிய செல்வம் என்று விளக்க வேண்டியதில்லை.

மாடு கட்டும் கட்டுத்தரையில் ஒரு கிடாரிக் கன்று இருக்கிறது. சின்னவன் பிறந்த அதே ஆனியில் ஈன்ற கன்று என்று அப்பா சொன்னார்.

மார்கழி 5

பந்தல் அவரை காய்த்துக் குலுங்குகிறது. பனி இறங்கினால்தான் அவரைக்குப் பூ நிற்கும் என்பார்கள். இந்த மாதத்து அவரையின் மென்மை வேறெந்த மாதத்திலும் வாய்ப்பதில்லை. காயை நறுக்கும் முன் நார் உரிக்கும் வேலையை மகளிடம் கொடுத்தோம். வரப்போரத்துத் துவரையும் பச்சையாகவே காய் முற்றியிருக்கிறது. உப்புப் போட்டு வேகவைத்த துவரங்காயை ஒரு போசி நிறைய வைத்துக்கொண்டு, வாசல் வெயிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்துத் தின்பதில் முற்பகல் முழுவதும் போயிற்று.

மதியம் அரிசிம்பருப்பு. கொங்குநாட்டார் வீட்டில் வாரத்துக்கு ஒரு நாளாவது இது பொங்காமல் இராது. ஆனால் இதன் முழுச் சுவையும் குளிர்நாளில் கொதிக்கக் கொதிக்க உண்ணும்போதே தெரியும். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு. சீரகம், மிளகு, கொத்துமல்லி, வரமிளகாய் ஆகியவற்றை நுணுக்கிக்கொண்டு, சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் முழுசாகவே வதக்கி, மஞ்சளும் தக்காளியும் சேர்த்து, நீர் கொதிக்கும்போது அரிசியையும் பருப்பையும் ஒன்றாகப் போட வேண்டும். குழையவும் கூடாது, பொலபொலவென்று உதிரவும் கூடாது. வட்டலில் போட்டு நடுவில் குழி செய்து ஊத்துக்குளி வெண்ணெயில் காய்ச்சிய நெய்யை ஊற்றினார் அம்மா. தொட்டுக்கொள்ள அவரைக்காய்ப் பொரியலும் கெட்டித் தயிரும் இருந்தன. சென்னையில் இதே அளவில், இதே பொருள்களைக் கொண்டு நான் சமைக்கும் சோறும் நன்றாகவே இருக்கும். ஆனாலும் பறித்து ஒரு மணி நேரம்கூட ஆகாத அவரையும், நம்மை உட்காரவைத்துப் பரிமாறும் கையும் அதன் உடன் இருப்பதில்லை.

மார்கழி 8

வீட்டிலிருக்கும் போர்வைகள் பழசாகிவிட்டன என்பதை முன்னிட்டு இன்று சென்னிமலைக்குப் போனோம். மலைக்கோவிலுக்கு ஏற 1,320 படிகள் உண்டு. கைக்குழந்தையோடு படியேற எண்ணாமல் மலைப்பாதையில் வண்டியில் சென்று முருகனைக் கும்பிட்டு, இறங்கியதும் நெசவுத் தெருவுக்குள் நுழைந்தோம்.

அப்பாவுக்குப் பழக்கமான நெசவாளர் ஒருவரின் வீட்டில் தறியைப் பார்க்க இடம் கிடைத்தது. முன்னறையிலேயே குழித்தறி; குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்து மிதியை மாற்றி மாற்றி மிதிக்க, நீளவாக்கு நூலான பாவு இரண்டாகப் பிரியும் இடைவெளியில், குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடா இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் பாய்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஓர் இழை. மூலையில் அவருடைய தாயார் இராட்டையைச் சுற்றித் தார், அதாவது நாடாவுக்குள் வைக்கும் நூல்சுருள், போட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தார் தீரும்போதெல்லாம் தறி நிற்கும். புதுத் தாரை நாடாவுக்குள் வைத்து மீண்டும் தொடங்குவார். இருவரும் ஒரு சொல்கூடப் பேசிக்கொள்ளாமல், தறிச் சத்தம் மாறுவதைக் கேட்டே வேலையைப் பகிர்ந்துகொண்டதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். படுக்கை விரிப்பு முதலிய சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கி 1985-இல் சட்டம் இயற்றப்பட்டது. விசைத்தறி மலிந்த இந்த வட்டாரத்தில் அந்தச் சட்டம் ஏட்டளவில் நில்லாமல் நடைமுறையிலும் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. இந்தத் தெருவில் தறிச் சத்தம் ஓய்ந்துபோவதை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

அரக்கு நிறத்தில் ஒன்றும், பச்சைக் கட்டம் போட்டது ஒன்றுமாகப் போர்வைகள் வாங்கினோம். புதுப் போர்வை முதலில் கஞ்சி விறைப்போடு இருக்கும். நாலைந்து முறை துவைத்த பிறகுதான் உடம்போடு ஒட்டும்; அதன்பின் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

மார்கழி 11

வெள்ளோட்டு ஏரிக்குப் பறவைகளைப் பார்க்கப் போனோம். எங்கள் திட்டத்தில் மிகத் தொலைவான பயணம் இதுவே. வாய்க்கால் பாசனத்தின் கசிவுநீரும் மழைநீரும் சேர்ந்து நிறைக்கும் ஏரி இது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஐப்பசி மழைக்குப் பிறகு தொடங்கி மாசி வரை இங்கே பறவைகளின் காலம்.

காலை ஏழு மணிக்கே போய்விட வேண்டும் என்பதை இனிப் போகிறவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன். பனி விலகாத நீர்ப்பரப்பில் கூழைக்கடாக்கள் வரிசையாக மிதந்து, எல்லாம் ஒன்றாகத் தலையை நீருக்குள் அமிழ்த்தி எடுப்பதைப் பார்த்த மகள், தொலைநோக்கியைத் திருப்பித் தரவே மறுத்துவிட்டாள். கருவேல மரக் கிளையில் பாம்புத்தாரா ஒன்று சிறகுகளை விரித்துப் பிடித்து நெடுநேரம் வெயில் காய்ந்தது. அதன் சிறகில் நீர் ஒட்டாமலிருக்கத் தேவையான எண்ணெய்ப் பசை குறைவு. நனைந்துதான் முக்குளிக்க முடியும், காய்ந்த பிறகுதான் நன்றாகப் பறக்க முடியும். வடக்கே நெடுந்தொலைவிலிருந்து வலசை வரும் ஊசிவால் வாத்துகளும் ஒரு கூட்டமாக இருந்தன.

சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பண்டிகை நாளில் பிள்ளைகளிடம் வேண்டாம் என்று சொல்வது எத்தனை கடினம் என்பது எனக்குத் தெரியும். அதை ஆண்டுதோறும் ஓர் ஊரே செய்கிறது என்பதை மகளுக்கு எடுத்துச் சொன்னேன். "வாத்துக்கு யாரு சொன்னாங்க, இங்க வெடி போட மாட்டாங்கன்னு?" என்று கேட்டாள். அவளுடைய அப்புச்சியான என் அப்பாவிடம் கேட்கச் சொல்லி அனுப்பினேன். அவர், "போன வருசம் வந்துட்டுப் போனது போய்ச் சொல்லியிருக்கும் அம்மிணி," என்றார்.

மார்கழி 12

எங்கும் செல்லவில்லை. மூவரும் மதியம் வரை தூங்கினோம்.

மார்கழி 14

இன்று சந்தகை. புழுங்கல் அரிசியை ஊறவைத்து நைசாக அரைத்து, இட்டலியாக வேகவைத்து, ஆறுவதற்குள் நாழியில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறிவிட்டால் மாவு இறுகி, எத்தனை அழுத்தினாலும் இறங்காது. எனவே ஒருவர் அடுப்படியில் நின்று எடுத்துத் தர, ஒருவர் போட, மற்றொருவர் முழு பலத்தையும் கொடுத்து அழுத்த என்று வீடே ஒரு வேலையில் கூடியாக வேண்டியிருக்கிறது. எனக்குச் சந்தகை பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஒரு பாதியைத் தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும் ஊற்றி உண்டோம். மறு பாதியை எலுமிச்சை பிழிந்து தாளித்தார் அம்மா.

சின்னவனுக்கு ஆறு மாதம் நிறைந்துவிட்டதால், மருத்துவர் சொன்னபடி தாய்ப்பாலோடு பிற உணவும் தொடங்கும் நாளாக இதையே வைத்துக்கொண்டோம். ராகியை ஊறவைத்து அரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, அந்தப் பாலை மட்டும் நீர் சேர்த்துக் கைவிடாமல் கிளறினால் பளபளவென்று கூழாகும். முதல் வாயை உதட்டால் துப்பினான். இரண்டாவது வாயை நாக்கில் வைத்துக்கொண்டு, இதை என்ன செய்வது என்பதுபோல என் முகத்தையே பார்த்தான். மூன்றாவது வாய்க்குத் தானே வாயைத் திறந்தான். ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், உட்கார்ந்திருந்த நான்கு பேரும் அவனோடு சேர்ந்து வாயைத் திறந்து மூடியதை இங்கே பதிந்துவைக்கிறேன்.

மார்கழி 17

ஆங்கிலப் புத்தாண்டு. கோயம்புத்தூரில் அலுவல் முடித்து என் கணவர் நேற்று இரவே வந்து சேர்ந்தார். மகள் அவரைக் கையைப் பிடித்து இழுத்துச் சென்று, காயவைத்த பிள்ளையார்களை முதலில் காட்டினாள்.

மார்கழி 20

அப்பாவோடு மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக்கு நடந்தோம். காங்கேயம் பக்கத்தைப் பார்க்க வருகிறவர்கள் கோவிலையும் மாட்டையும் பார்த்துத் திரும்பிவிடுகிறார்கள். அந்த மாட்டை உருவாக்கிய நிலத்தைப் பார்ப்பவர்கள் குறைவு என்பதால் இதை விரித்து எழுதுகிறேன்.

வீட்டிலிருந்து இட்டேரி வழியாகப் போக வேண்டும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி தோளுயரத்துக்கு நெருங்கி நிற்க, நடுவில் வண்டி மட்டுமே போகும் அகலத்தில் தடம். படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தால் கொறங்காடு: நடுநடுவே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல், ஓரமெங்கும் முள்வேலி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருக்கும் இந்த மண்ணுக்கு ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டுமே வரும். மழை என்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதான். அந்த மழையில் தழைத்த புல் மார்கழியில் முழங்கால் உயரம் நிற்கிறது. காலையில் மாடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால், மேய்ப்பவர் இல்லாமலே அவை பொழுது முழுவதும் மேயும். ஒரு காட்டில் புல் குறைந்ததும் அடுத்ததற்கு மாற்றிவிடுவார்கள். கோடையில் புல் காய்ந்த பிறகு வெள்வேலங்காய் உதிரும். ஆடுகளுக்கு அது தீனி. உழாமல், நீர் பாய்ச்சாமல், பஞ்சத்திலும் ஏதோ ஒன்றைக் கொடுக்கும்படி எத்தனையோ தலைமுறை மக்கள் இந்த ஏற்பாட்டைப் பக்குவப்படுத்தியிருக்கிறார்கள். காங்கேயம் இனத்தைப் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பேணி வளர்த்த வரலாறு பலரும் அறிந்தது. அதற்கு அடியில் இந்தப் புல்லும் வேலியும் இருந்தன.

மகளின் கவனம் முழுவதும் கன்றின்மேல். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு மாத வாக்கில் அந்த நிறம் உதிர்ந்து சாம்பல் நிறமாகும். நாங்கள் வந்த அன்று செவலையாக இருந்த கன்றுக்கு இப்போது கழுத்திலும் விலாவிலும் வெளுத்துவிட்டது. காதோரத்திலும் கால்களிலும் மட்டும் சிவப்பு மிச்சமிருக்கிறது. தன் தம்பிக்கும் நிறம் மாறுமா என்று அவள் கேட்டபோது, அவனுக்குப் பல் முளைக்கும் என்று அப்பா பதில் சொன்னார். திரும்பும் வழியில் இட்டேரியில் ஆவாரை பூத்திருந்த இடங்களை எல்லாம் அவர் காட்டிக்கொண்டே வந்தார். பொங்கலுக்குப் பூப்பறிக்க எந்தப் புதர் என்பதை இருவரும் இப்போதே பேசி முடித்துக்கொண்டார்கள்.

மார்கழி 23

சிவன்மலைக்குச் சென்று வந்தோம். அங்கே ஆண்டவன் உத்தரவுப் பெட்டி உண்டு. பக்தர் ஒருவரின் கனவில் முருகன் சொன்ன பொருளை, சாமியிடம் பூப்போட்டுக் கேட்டு உறுதி செய்த பின், கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூசிப்பார்கள். அடுத்த உத்தரவு வரும் வரை அதுவே அங்கிருக்கும். அம்மா பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்று வேண்டிக்கொண்டார். என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை.

மார்கழி 26

இரவுப் பனியில் மகளுக்குச் சளி பிடித்துவிட்டது. காலையிலேயே அம்மா செலவு ரசம் வைத்தார். மிளகு, சீரகம், திப்பிலி, சித்தரத்தை முதலியவற்றை இங்கே மளிகைக் கடையில் செலவுச் சாமான் என்று கேட்டாலே சேர்த்துப் பொட்டலம் கட்டித் தருவார்கள். அவற்றைப் பூண்டோடு இடித்துக் கொதிக்கவைத்தால் வீடு முழுவதும் காரமும் மணமும் ஏறும். பிள்ளை பெற்றவளுக்கும் இதுவே மருந்து; ஆனி மாதத்தில் நான் நாள்தோறும் இதைத்தான் குடித்தேன். காரம் மகளுக்குத் தாங்காது என்பதால் சோற்றில் நெய் விட்டுக் குழைத்து, மேலே இரண்டு கரண்டி ரசம் மட்டும் ஊற்றினோம். உண்டுவிட்டு, பச்சைக் கட்டப் போர்வையைத் தலைவரை போர்த்துக்கொண்டு என் மடியிலேயே படுத்திருந்தாள். ஒரு பக்கம் தூளிக் கயிறு, மறு பக்கம் அவள் தலை என்று மாலை வரை நகராமல் உட்கார்ந்திருந்தேன். அலுவலகத்தில் அடுத்த மாதம் இந்நேரம் எந்த வேலை நடந்துகொண்டிருக்கும் என்று தெரியும். அதை நினைக்காமல் இருக்க முடிந்தது.

மார்கழி 29

காப்புக் கட்டு. மாலையில் அப்பா வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ, மாவிலை ஆகியவற்றைச் சிறு கொத்துகளாகக் கட்டி வைத்தார். வீட்டு இறவாரத்தில், கட்டுத்தரையில், கிணற்று மேட்டில், காட்டின் மூலையில் என்று ஒவ்வோரிடத்திலும் செருக வேண்டும். மகள் கொத்துகளைத் தட்டில் ஏந்தி முன்னால் நடந்தாள். சின்னவன் என் இடுப்பில் இருந்துகொண்டு பூளைப்பூவைப் பிய்த்து வாயில் வைக்கப் பார்த்தான். கட்டுத்தரையில் கொத்தைச் செருகும்போது அப்பா அவளைத் தூக்கிப் பிடிக்க, அவளே ஓட்டுக்கு அடியில் வைத்தாள்.

அடுத்த நாள்களுக்கான ஏற்பாடுகள் இரவிலேயே முடிந்தன. பட்டிப் பொங்கலுக்குத் தெப்பக்குளம் கட்டக் கட்டுத்தரையில் இடம் பார்த்தாயிற்று. கன்றுக்குப் புதுக் கயிறும் சலங்கையும் காங்கேயத்தில் வாங்கி வந்தாயிற்று. பூப்பறிக்கும் நோம்பியன்று பிள்ளையார்களைக் கரைத்த பிறகு, அன்று இரவு வண்டிக்கே பயணச்சீட்டு எடுத்திருக்கிறோம். அரக்குப் போர்வையை எங்களுக்கு எடுத்துவைத்துவிட்டு, பச்சைக் கட்டத்தை இங்கேயே விட்டுச் செல்ல மகள் சம்மதித்திருக்கிறாள். சித்திரை விடுமுறைக்கு வரும்போது தனக்கு வேண்டும் என்று அம்மாயியிடம் சொல்லி, அதைப் பெட்டியில் எந்த அடுக்கில் வைக்க வேண்டும் என்பதையும் காட்டிவிட்டாள்.